என் இடது கையில் இருந்த கட்டி

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக்காரர் எப்போது ரிட்டயர் ஆகப்போகிறார் என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டு ஆட்கள் அடிக்கடி ஆஸ்பத்திரிப் பக்கம் தென்பட்டால் கடைசி வருஷம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ரிட்டயர் ஆன பிறகும் வைத்தியம் உண்டுதான். ஆனாலும் சர்வீஸில் இருக்கும்போது பார்த்துக்கொள்வதுபோல வராது என்று எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. அதனால் அதுவரை தள்ளிப்போட்டதையெல்லாம் அந்த ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுவோம். கண்ணில் புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், ஆடுகிற பல், சில வீடுகளில் ஆடாத பல்லும்கூட. எதிர் வரிசையில் இருந்த ஒருவர், பிறந்ததிலிருந்து மூக்கின் மேல் வைத்திருந்த மருவைக் கடைசி மாதம் எடுத்துக்கொண்டார். பிரிவுபசார விழாவில் கழுத்தில் மாலையும் மூக்கில் பிளாஸ்திரியுமாக நின்றவரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் முறை வந்தபோது நாங்களும் அதையேதான் செய்தோம்.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. நிலக்கரி ஏறி வரும் பெல்ட்டின் பக்கத்திலேயே வாழ்நாள் முழுக்க நின்றவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். புதிதாக வருகிறவர்கள் மனுஷன் கோபக்காரர் என்று நினைத்து நாற்காலி நுனியில் உட்காருவார்கள். அவருக்குக் கடைசி வருஷம் தொடங்கியதும் முதலில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அடுத்தது நான். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி வியாதி எதுவும் கிடையாது. இடது கையில், முழங்கைக்கு மேலே, ரவிக்கைக் கை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு கட்டி மட்டும் இருந்தது.

கட்டி என்றதும் பயப்படுகிற கட்டி அல்ல. தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு உருண்டுகொண்ட கட்டி. கல்யாணமான புதிதில் சுண்டைக்காய் அளவு இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு நெல்லிக்காய் ஆயிற்று, அதோடு நின்றுவிட்டது. விரலால் அழுத்தினால் நழுவி ஒரு பக்கம் போகும். விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். டெய்லர் அளவெடுக்கும்போது இடது கைக்கு மட்டும் ஒரு விரற்கடை கூட விடச் சொல்வேன். கல்யாண வீடுகளில் வளையலைப் பார்க்கிற சாக்கில் யாராவது கையைப் பிடித்து, "இன்னாது இது, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்பார்கள். "காட்டியாச்சு, ஒண்ணுமில்லையாம்" என்பேன். கேட்டவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும்.

எனக்குத்தான் அது ஒன்றுமில்லை. என் மகனுக்கு அதுதான் எல்லாம்.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. அவங்கப்பாவைவிட உயரம், அவரைவிட அகலம். ஆட்டிசம் என்று புதுச்சேரியில் ஒரு டாக்டர் சொன்னபோது அவன் இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை. அதுவரை 'ஆம்பளைப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்' என்று எங்கள் வரிசை முழுக்க ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில், பட்டாசு, கல்யாண மண்டப மேளம் எதுவும் ஆகாது. எல்லாவற்றையும்விட ஆகாதது சங்கு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஊதுகிற சைரனை நாங்கள் சங்கு என்போம். இங்கேயே வாழ்ந்தவர்களுக்கு அது காதிலேயே விழாது. அதை வைத்து உலை வைப்போம், அதை வைத்துக் காய்ந்த துணி எடுப்போம், அவ்வளவுதான். அவனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை. காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சுவரில் தலையை முட்டுவான். நெற்றி ஓரத்தில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அவனுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. சுவருக்கு ஓடாதபடி அவனைத் தூக்கி என் இடது பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் திமிறினான், பிறாண்டினான். அப்படித் திமிறும்போது கை என் ரவிக்கைக் கைக்குள் நுழைந்து கட்டியின் மேல் பட்டது. நின்றுவிட்டான். இரண்டு விரலால் அதை ஒரு பக்கம் தள்ளினான். அது நழுவிப் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினான். மறுபடியும் வந்தது. சங்கு ஊதிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை. அன்று நான்தான் அழுதேன், அவன் அழவில்லை.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் வந்து என் இடது பக்கம் உட்காருவான். ரவிக்கைக் கையை இரண்டு மடிப்பு மேலே சுருட்டுவான். கட்டியைத் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். சங்கு ஓய்ந்ததும் சுருட்டிய கையை ஒழுங்காக இறக்கிவிட்டு எழுந்து போவான். பஸ்ஸில் ஹாரன் அடித்தாலும் அப்படித்தான், கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டினாலும் அப்படித்தான். எந்த இடத்துக்குப் போனாலும் அவன் என் இடது பக்கம் வருகிறமாதிரி பார்த்து உட்காருவேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி ஒருத்தி இருந்தாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலா மரம்தான். "அக்கா, உங்க புள்ளையோட ரிமோட்டு உங்க கையில இருக்கு" என்று கிண்டல் பண்ணுவாள். கிண்டலிலும் ஒரு பெருமை இருந்தது எனக்கு. பெற்ற பிள்ளை நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்காது. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை என்னைத் தேடி வருமே.

அப்படி இருந்தும் ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

இந்த மாதிரி பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் பேசுகிற முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் ஒன்றுதான். நமக்கு அப்புறம்? பல் தேய்க்கப் பழக்கினோம், சட்டைப் பித்தான் போடப் பழக்கினோம், சோறு போட்டுத் தின்னப் பழக்கினோம். ஒவ்வொன்றுக்கும் வருஷக்கணக்கு ஆயிற்று. எல்லாம் நாங்கள் இல்லாத ஒரு நாளுக்காகத்தான். அந்தக் கணக்கில் இந்தக் கட்டிதான் இடித்தது. யார் அவனைப் பார்த்துக்கொண்டாலும், அவர்கள் கையில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருக்கப்போவதில்லையே. நான் உயிரோடு இருக்கும்போதே, பக்கத்திலேயே உட்கார்ந்து, அதை மறக்கவைத்துவிட்டால் நல்லது என்று பட்டது. கூடவே அசதியும் இருந்தது. இப்போதெல்லாம் அவன் விரல் பிள்ளை விரல் இல்லை. தீபாவளி முடிந்த மறுநாள் அந்த இடம் கன்றிப்போய்க் கையைத் தூக்க முடியாது.

கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சை எடுத்தேன்.

"ஏங்க, இந்தக் கட்டியையும் இப்பவே எடுத்துக்கினா இன்னா?"

"அது பாட்டுக்கு இருக்குது. அத்த ஏன் நோண்டற? புள்ள தேடுவான்."

"நாலு நாளு தேடுவான். பால் மறக்கல? வேப்பெண்ணெய் தடவிக்கினு நாலே நாளுல மறக்கடிச்சனே."

"அது வேற, இது வேற."

"இன்னா வேற? நாளைக்கி நான் போயிட்டா இதுவும் என்னோட சேர்ந்து வெந்துடும். அப்ப எங்க போயித் தேடுவான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் கையி, உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியும் அவள் பங்குக்கு, "இப்ப விட்டா அப்புறம் அலையணும்க்கா, நான் வேணா கூட வரேன்" என்றாள். அவள் வீட்டில் அதற்கு முந்தின வருஷம் ரிட்டயர்மென்ட். பித்தப்பையை எடுத்துவிட்டு வந்து, மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி நிம்மதியாக இருந்தாள். மகனுக்கும் சுரங்கத்தில் வேலை என்பதால் குவார்ட்டர்ஸ் அவன் பெயருக்கு மாறி, அவள் மரத்துக்கு அந்தப் பக்கமே இருந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். கட்டியை இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். என் மகன் தள்ளுகிற மாதிரியே தள்ளினார்.

"வெறும் கொழுப்புக் கட்டிதான்மா. ஒண்ணும் பண்ணாது. இப்படியே விட்டுட்டாலும் தப்பில்ல. ஏன் எடுக்கணும்னு நினைக்கிறீங்க?"

"சில நாளு வலிக்குதுங்க" என்றேன். அது உண்மைதான். பிறகு, "வூட்டுக்காரரு ரிட்டயர் ஆவறாருங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இந்த ஊர்லதான்மா இது ஒரு காரணம். நாங்க படிச்ச புத்தகத்துல இல்ல."

மகனைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வந்து அதையெல்லாம் சொல்வார்களா என்று இருந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஒருவேளை யோசித்திருப்பார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. இப்படியே விட்டாலும் தப்பில்லை என்று அவரும்தான் சொன்னார், கேட்டவளுக்குத்தான் காது கேட்கவில்லை.

எடுப்பது பெரிய வேலையாக இல்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். பச்சைத் துணியால் மறைத்தார்கள். வலி இல்லை, யாரோ முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு மட்டும் தெரிந்தது. "பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டுத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். சின்னப் பலாச்சுளை மாதிரி மஞ்சளாக, வழவழவென்று இருந்தது. இத்தனை வருஷம் என் பிள்ளை உருட்டியது இதைத்தானா என்று பார்த்தேன். இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரிச் சங்குக்கு நானும் அவரும் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம். அவன் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். ரவிக்கைக் கையைச் சுருட்டினான். வெள்ளைக் கட்டைப் பார்த்தான். கட்டின் ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, சங்கு ஓயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். முட்டவில்லை, கத்தவில்லை. தையல் பிரிக்கிற வரைக்கும் தினமும் அப்படியேதான் இருந்தான். "பாத்தீங்களா? நான் சொல்லல? மறந்துட்டான்" என்று அவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாயசம் கொடுத்துவிட்டேன். அவன் மறக்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் துணிக்குள்தான் அது இருக்கிறது, துணியைப் பிரித்ததும் கிடைத்துவிடும் என்று இருந்திருக்கிறான்.

தையல் பிரித்துவிட்டு வந்த அன்று மத்தியானம் சங்கு ஊதியது. அவன் கையைச் சுருட்டினான். கட்டு இல்லாததைப் பார்த்ததும் வேகமாக விரலை வைத்தான். தள்ளினான். தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. தழும்பைத் தாண்டி மேலே தேடினான், கீழே தேடினான். எழுந்து வந்து என் வலது கையைச் சுருட்டிப் பார்த்தான். பிறகு தரையில் தேடினான். தலையணையைத் தூக்கிப் பார்த்தான். கடைசியாகக் குப்பைக்கூடையில் நான் போட்டிருந்த பழைய கட்டுத்துணியை எடுத்துவந்து, நடு வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தான். கடைசிச் சுற்றிலும் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் சுவருக்குப் போனான்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தோம். மாவை உருட்டித் துணியில் முடிந்து கொடுத்தேன். ஒரு பெரிய நெல்லிக்காயைத் துணிக்குள் வைத்து என் கையிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் முடிச்சை அவிழ்த்தான். நெல்லிக்காயை எடுத்துப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு, தழும்பைத் தடவி, மறுபடியும் தேடத் தொடங்கினான். அவனை ஏமாற்ற வந்த நான்தான் முட்டாளாகி உட்கார்ந்திருந்தேன்.

தையல் பிரித்தபோது டாக்டர் சொல்லியிருந்தார்: "சிலருக்கு வேற இடத்துல வரலாம்மா. வந்தா பயப்படாதீங்க." நான் எங்கே பயந்தேன்? தினமும் குளிக்கும்போது சோப்புக் கையோடு உடம்பு முழுக்கத் தடவித் தேடினேன். இடுப்பில் ஒரு தடவை ஏதோ தட்டுப்பட்டது. கோயிலில் நிற்கிறவள் மாதிரி அப்படியே நின்றேன். பார்த்தால் வெறும் சதை மடிப்பு. கட்டி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட பொம்பளை நெய்வேலியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் கையில் கிடைக்கவில்லை என்றதும் அவன் மற்றவர்கள் கையில் தேட ஆரம்பித்தான். சங்கு ஊதினால் பக்கத்தில் எந்தக் கை இருக்கிறதோ அந்தக் கை. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போய் அவள் கையைச் சுருட்டினான். நான் பதறி ஓடினேன். அவள் நகரவே இல்லை. "விடுங்கக்கா, தேடட்டும். எங்கிட்ட ஒண்ணு இருந்தா இவனுக்குக் குடுத்துடமாட்டேனா" என்றாள். பால் கொண்டுவருகிற அம்மா, ரேஷன் கடையில் நிற்கிறவர்கள், அவனை அரைக்கால் சட்டையில் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான், கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார்கள். எங்கள் பிளாக்குக்குள் அவன் குழந்தை. பிளாக்குக்கு வெளியே அவன் ஆறடி ஆம்பளை என்பது எங்களுக்கே மறந்துபோயிருந்தது.

அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். சங்கு அங்கேயும் கேட்கும். ஆனால் அந்தத் தெருவுக்கு எங்களைத் தெரியாது. பாதிப் பேர் கான்ட்ராக்ட் வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள். யார் பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஏது நேரம்?

குடிபோய்க் கொஞ்ச நாளில், காய் வாங்க இவர் அவனையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் கீரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அவள் இடது கையைப் பிடித்து, சுடிதார்க் கையை மேலே சுருட்டி, விரலை வைத்துத் தேடத் தொடங்கிவிட்டான். அவள் அலறினாள். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அந்த வயதில் நானாக இருந்தாலும் அலறியிருப்பேன். டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். முதல் அடி முகத்தில் விழுந்தது. "அவன் ஒண்ணும் தெரியாதவன்யா, என் புள்ளய்யா" என்று இவர் கத்தியிருக்கிறார். இவர் கத்தியதைச் சண்டைக்கு வருகிறார் என்று எடுத்துக்கொண்டு இவரையும் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இவர் பேச்சே அப்படித்தான் என்று அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்?

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து நின்ற கோலத்தை என் எதிரிக்கும் காட்ட வேண்டாம். இவர் சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. அவன் உதடு கிழிந்து ரத்தம். அந்த ரத்தத்தோடு வந்து, அடித்தவர்களைப் பற்றியோ வலியைப் பற்றியோ எதுவும் இல்லாமல், என் கையைச் சுருட்டித் தேடினான். அப்போதும் அங்கே ஒன்றும் இல்லை. அந்த உதட்டில் மஞ்சள் வைத்து அழுத்திக்கொண்டே நான் செய்ததை நினைத்து நினைத்து அழுதேன். என் கையில் கிடந்த ஒரு உருண்டைக் கொழுப்பு இத்தனை வருஷம் இந்தப் பிள்ளையைத் தெருவில் அடிபடாமல் காத்திருக்கிறது. அதை நானே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இனிமே யாரையும் தொடக்கூடாதுன்னு பழக்கிடணும்" என்றார் அவர். "இன்னிக்கி அடிச்சிட்டு வுட்டாங்க. நாளைக்கி போலீஸ்ல குடுத்தா இன்னா பண்ணுவ? அவன் வாயத் தொறந்து இன்னான்னு சொல்லுவான்?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அதனால் பழக்கினோம். சங்கு ஊதும்போதெல்லாம் இவர் எதிரில் உட்கார்ந்துகொள்வார். அவன் கை யார் பக்கமாவது நீண்டால், புறங்கையில் பட்டென்று ஒரு தட்டு. "தொடக்கூடாது. தப்பு." என் பக்கம் நீண்டாலும் தட்டு விழும். "உன்னை மட்டும் தொடலாம்னா அவனுக்குக் கொழம்பிடும்" என்றார். அதில் நியாயம் இருந்தது. கையைக் கொடுக்காமல் தள்ளி உட்கார்ந்தேன். சில நாட்கள் நானே அந்தத் தட்டைத் தட்டியிருக்கிறேன். அவன் அதிகம் பேசமாட்டான். நாம் அடிக்கடி சொல்வதை மட்டும் நம் குரலிலேயே திருப்பிச் சொல்வான். கொஞ்ச நாளில் 'தொடக்கூடாது, தப்பு' என்று அவனும் சொல்ல ஆரம்பித்தான், அவங்கப்பாவின் கனத்த குரலிலேயே. கை நீளும்போது சொல்வான், பிறகு கையை இழுத்துக்கொள்வான். சட்டைப் பித்தான் போட வருஷக்கணக்கானது. இது மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிட்டது.

இப்போது எங்களுக்குப் பயம் இல்லை. கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிறார். சங்கு ஊதினால் அவன் அப்படியே நின்று கையைக் கட்டிக்கொள்கிறான். யாரையும் தொடுவதில்லை. அன்று அடித்தவர்களில் ஒருவர் விஷயம் தெரிந்து வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார், பிஸ்கட் பொட்டலம்கூட வாங்கி வந்தார். அந்தக் கட்டி இல்லாமல் அவன் இருக்கப் பழகவேண்டும் என்றுதானே நான் ஆசைப்பட்டேன். பழகிவிட்டான். நாங்கள் போன பிறகும் இப்படியே இருந்துகொள்வான். இதைச் சொல்லி இவர் என்னைத் தேற்றப் பார்க்கிறார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், இவர் வெளியே போயிருந்தார். சங்கு ஊத ஆரம்பித்தது. அவன் பாயில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். முட்டவில்லை, கத்தவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தான். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவன் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். நானே ரவிக்கைக் கையை இரண்டு மடிப்பு மேலே சுருட்டினேன். தொடைக்கு அடியிலிருந்த அவன் கையைப் பிடித்து இழுத்து என் தழும்பின் மேல் வைத்து அழுத்தினேன்.

"தொடு சாமி. அம்மா. அம்மாவத் தொடலாம்."

சுட்டுவிட்ட மாதிரி கையைப் பிடுங்கிக்கொண்டான். மற்றக் கையால் அந்தப் புறங்கையில் பட்டென்று தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"தொடக்கூடாது. தப்பு."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மறுபடியும் தொடைக்கு அடியில் வைத்து, என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. நான் சுருட்டிய கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.